நகர்ப்புறக் கனவுருப்புனைவில் அண்ணன் தம்பி உறவு

இன்றைய நகரத்தின் தெருக்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பேய், பிசாசு, ரத்தக் காட்டேரி, மந்திரவாதி முதலானோர் மனிதர் கண்ணில் படாமல் வாழ்வதாகக் கற்பனை செய்யும் கதைவகை நகர்ப்புறக் கனவுருப்புனைவு எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இதனை அர்பன் ஃபேன்டசி என்பர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த இக்கதைவகையில் மீண்டும் மீண்டும் மையத்துக்கு வரும் உறவுகளுள் ஒன்று அண்ணன் தம்பி உறவு. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், தாய் ஒருத்தியாகவும் தந்தை வேறாகவும் உள்ள இருவர், உறுதிமொழி எடுத்து உடன்பிறப்பானவர்கள் என இது பல வடிவங்களில் வருகிறது.

இக்கதைகளைச் சாகசத்துக்காக மட்டும் படிப்போர் உண்டு. ஆனால் இவற்றுள் சிறந்தவை ஒரு கடினமான கேள்வியைக் கேட்கின்றன. உடன்பிறந்தவன் ஒருவனைக் காப்பாற்ற ஊரையே ஆபத்தில் விடலாமா? அவனே ஊருக்கு ஆபத்தாக மாறினால் என்ன செய்வது? இந்தக் கேள்வி கடந்த நாற்பது ஆண்டுகளில் எப்படி உருவாகி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை முக்கியமான படைப்புகளின் வழியே காண்கிறது. கதைகளின் முடிவுகளும் இதில் பேசப்படுகின்றன.

கதைவகையின் பிறப்பு

ஐரோப்பியத் தேவதைக் கதைகளில் மாயம் காட்டில் இருந்தது. கோட்டை, மலை, இருண்ட வனம் ஆகியவையே அதன் இடங்கள். தொழில் நகரங்கள் பெருகிய பிறகு எழுத்தாளர்கள் மாயத்தை நகரத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினர். அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லீபர் 1941இல் எழுதிய 'ஸ்மோக் கோஸ்ட்' என்ற சிறுகதை இதற்கு நல்ல முன்னோடி. அதில் வரும் பேய் பாழடைந்த மாளிகையில் வாழ்வதில்லை. நகரத்தின் புகையும் கரியும் படிந்த மொட்டைமாடிகளில் அது திரிகிறது. மேம்பால ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஒருவன் ஜன்னல் வழியாக அதனைக் காண்கிறான்.

தனிக் கதைவகையாக இது அடையாளம் பெற்றது 1980களில். கனடாவின் ஒட்டாவா நகரைக் களமாகக் கொண்ட சார்லஸ் டி லின்ட்டின் 'மூன்ஹார்ட்' 1984இல் வெளிவந்தது. டெர்ரி விண்ட்லிங் உருவாக்கிய 'பார்டர்லேண்ட்' கதைத் தொகுப்பு 1986இலும், மினியாபொலிஸ் நகரில் நடக்கும் எம்மா புல்லின் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' 1987இலும் வெளிவந்தன. 1990களில் துப்பறியும் கதையின் நடையும் ரத்தக் காட்டேரிக் கதையும் இதனுடன் கலந்தன. லாரல் கே. ஹாமில்டனின் 'கில்ட்டி பிளஷர்ஸ்' நாவலும் (1993), 'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடரும் (1997) அந்தக் கலப்புக்கு எடுத்துக்காட்டுகள். அண்ணன் தம்பிக் கதைகள் பெருகியது இதற்குப் பிந்திய காலத்தில்தான்.

முன்னோடி: ஃபாஃபர்டும் கிரே மவுசரும்

மேலே கூறிய ஃபிரிட்ஸ் லீபரே இன்னொரு வகையிலும் முன்னோடி ஆவார். 'அன்நோன்' என்ற அமெரிக்க இதழில் 1939ஆம் ஆண்டு அவர் ஃபாஃபர்ட், கிரே மவுசர் என்ற இரு நண்பர்களை அறிமுகம் செய்தார். ஒருவன் வடக்கிலிருந்து வந்த நெடிய வீரன். மற்றவன் குள்ளமான, தந்திரம் மிக்க திருடன். லங்க்மார் என்ற கற்பனை நகரத்தின் சந்துகளிலும் மதுக்கடைகளிலும் இவர்கள் கதை நடக்கிறது. இப்பாத்திரங்களின் கருவை லீபரின் நண்பர் ஹாரி ஓட்டோ ஃபிஷர் கடிதம் ஒன்றில் எழுதினார் என்பதும், நெடியவன் லீபரையும் குள்ளமானவன் ஃபிஷரையும் ஒத்தவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

லங்க்மார் உண்மையான நகரம் இல்லை என்பதால் இதனை நேரடியாக நகர்ப்புறக் கனவுருப்புனைவு என்று சொல்ல முடியாது. ஆயினும் பின்னர் வந்த கதைகளுக்கு வேண்டிய இரண்டு கூறுகள் இதில் உள்ளன. ஒன்று, யாரையும் நம்ப முடியாத நகரத்தில் ஒருவனை மட்டும் நம்பி வாழ்வது. மற்றொன்று, பொதுவான இழப்பு. இருவரும் முதன்முதலில் இணைந்த கதையைச் சொல்லும் 'இல் மெட் இன் லங்க்மார்' 1970இல் வெளிவந்து நெபுலா, ஹியூகோ ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. அக்கதையில் இருவரும் ஒரே இரவில் தம் காதலிகளைப் பறிகொடுக்கின்றனர். ஒரே துயரம் இருவரைச் சகோதரர் ஆக்குகிறது.

ரத்தக் காட்டேரிச் சகோதரர்கள்

ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய 'தி லாஸ்ட் பாய்ஸ்' என்ற திரைப்படம் 1987இல் வெளிவந்தது. தாயின் மணமுறிவுக்குப் பிறகு கலிபோர்னியாவின் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் குடிவரும் மைக்கேல், சாம் என்ற சகோதரர்களின் கதை இது. அண்ணன் மைக்கேல் ஊரிலுள்ள இளைஞர் கூட்டத்துடன் சேர்கிறான். அவர்கள் தரும் ரத்தத்தை மது என்று எண்ணிக் குடித்துப் பாதிக் காட்டேரி ஆகிறான். தம்பி சாம் முதலில் நடுங்குகிறான். பிறகு அண்ணனை மீட்கத் துணிகிறான். கூட்டத்தின் தலைவன் அழிந்தால் மைக்கேல் மனிதனாகவே மீளலாம் என்பது கதையின் விதி.

தீய சேர்க்கையில் சிக்கிய அண்ணனைத் தம்பி மீட்கும் குடும்பக் கதைதான் இதன் அடிப்படை. போதைப் பழக்கம், தெருக்கும்பல் ஆகியவற்றைப் பற்றிய பெற்றோரின் அச்சத்தைக் காட்டேரி என்ற உருவகம் தாங்கி நிற்கிறது. இப்படத்தில் இளையவன் காப்பவன், மூத்தவன் காக்கப்படுபவன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் வந்த கதைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக மாற்றின.

எல். ஜே. ஸ்மித் எழுதி 1991இல் தொடங்கிய 'தி வேம்பயர் டைரீஸ்' நாவல்கள் வேறு பாதையில் சென்றன. இதில் ஸ்டெஃபான், டேமன் சால்வடோர் ஆகிய சகோதரர்கள் ஒருத்தியைக் காதலித்து ஒருவரையொருவர் வாளால் வெட்டிக்கொண்டு மாண்டு, காட்டேரிகளாக எழுந்தவர்கள். நூற்றாண்டுகள் கடந்தும் பகை தீரவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிற்றூர் ஒன்றில் மீண்டும் ஒரே பெண்ணுக்காக மோதுகின்றனர். 2009 முதல் 2017 வரை 8 பருவங்கள் ஒளிபரப்பான இதன் தொலைக்காட்சி வடிவம் முன்கதையை மாற்றியது. அதில் 1864ஆம் ஆண்டு இருவரையும் சுட்டுக் கொல்வது பெற்ற தந்தையே. முதலில் காட்டேரியாக மாறிய தம்பி ஸ்டெஃபான், சாக விரும்பிய அண்ணன் டேமனையும் மாற வற்புறுத்துகிறான். தனியாக வாழ அஞ்சிய தம்பியின் அன்பே அண்ணனின் நூற்றைம்பது ஆண்டுக் கோபத்துக்குக் காரணமாகிறது. தொடரின் இறுதியில் ஸ்டெஃபான் தன் உயிரைக் கொடுத்து அண்ணனுக்கு மனித வாழ்வைத் திருப்பித் தருகிறான். அன்பின் பெயரால் ஒருவன்மேல் திணித்ததை அன்பினாலேயே ஈடுசெய்வது இக்கதையின் நெடும்பயணம்.

ஹாரி டிரெஸ்டனும் தாமஸ் ரெய்தும்

அமெரிக்க எழுத்தாளர் ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' நாவல் வரிசை 2000இல் 'ஸ்டார்ம் ஃபிரண்ட்' நூலுடன் தொடங்கியது. சிகாகோ நகரில் மந்திரவாதியாகவும் தனியார் துப்பறிவாளனாகவும் தொழில் செய்யும் ஹாரி டிரெஸ்டன் இதன் நாயகன். பிறந்தபோதே தாயை இழந்தவன். மேடையில் மாயவித்தை காட்டிப் பிழைத்த தந்தையும் ஹாரியின் ஆறு வயதில் இறந்துவிடுகிறார். தனக்கென்று யாரும் இல்லை என்ற எண்ணத்துடனேயே அவன் வளர்கிறான்.

மூன்றாம் நாவலில் (2001) தாமஸ் ரெய்த் என்ற காட்டேரி அறிமுகமாகிறான். மனித உணர்ச்சிகளை, குறிப்பாகக் காமத்தை, உணவாகக் கொள்ளும் குலத்தைச் சேர்ந்தவன். காரணம் சொல்லாமல் ஹாரிக்கு அவ்வப்போது உதவுகிறான். ஆறாம் நாவலான 'பிளட் ரைட்ஸ்' (2004) காரணத்தை வெளிப்படுத்துகிறது. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஹாரியின் வாழ்வில் இது பெரிய திருப்பம். தான் அனாதை இல்லை என்று அறியும் கணமும், தன் ஒரே உறவு மனிதரை உண்டு வாழும் இனம் என்று அறியும் கணமும் ஒன்றாகவே வருகின்றன.

இந்நாவல்களின் சிறப்பு இந்த உறவை அன்றாட வாழ்வில் வைத்துக் காட்டுவதில் உள்ளது. குடும்பத்திலிருந்து விலக்கப்பட்ட தாமஸ் சில காலம் ஹாரியின் சிறிய நிலவறை வீட்டில் தங்குகிறான். வேலை நிலைப்பதில்லை, வீட்டைச் சுத்தம் செய்வதில்லை என்று இருவருக்கும் சச்சரவு மூள்கிறது. பின்னர் தாமஸ் முடிதிருத்தும் அழகு நிலையம் ஒன்றை நடத்துகிறான். வாடிக்கையாளர் பலரிடமிருந்து சிறிது சிறிதாக, யாருக்கும் தீங்கு வராத அளவில் உணர்ச்சியை உண்டு பசியை அடக்கக் கற்றுக்கொள்கிறான். பசியைக் கட்டுப்படுத்த ஒருவன் நாள்தோறும் செய்யும் முயற்சியைப் புட்சர் மதிப்புடன் எழுதுகிறார்.

'டர்ன் கோட்' (2009) நாவலில் அந்த முயற்சி சிதைகிறது. கொடிய எதிரி ஒருவன் தாமஸைக் கடத்திச் சித்திரவதை செய்கிறான். அவனை விடுவிக்க வேண்டுமானால் ஹாரியிடம் அடைக்கலம் புகுந்துள்ள மார்கன் என்பவனைத் தர வேண்டும் என்கிறான். மார்கன் பல ஆண்டுகள் ஹாரியைத் துன்புறுத்தியவன்தான். ஆயினும் இப்போது சுமத்தப்பட்ட குற்றத்தைச் செய்யாதவன். ஹாரி அவனைப் பலி கொடுக்க மறுக்கிறான், அதற்கான விலையைத் தாமஸ் கொடுக்கிறான். உயிருடன் மீண்டாலும் கட்டுப்பாடு குலைந்தவனாக மீள்கிறான். தம்பி செய்தது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தின் வலியை அனுபவித்தவன் அண்ணன். 2020இல் வெளிவந்த 'பீஸ் டாக்ஸ்' நாவலில் ஹாரி எதிர்ப்பக்கம் சாய்கிறான். கொலை முயற்சிக் குற்றத்தில் சிக்கிய அண்ணனைக் காப்பாற்ற எல்லாச் சட்டங்களையும் மீறுகிறான். இந்த இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரே மனிதன் ஒரே கேள்விக்கு இருவேறு விடைகள் தருவது தெரியும்.

சூப்பர்நேச்சுரல்: வின்செஸ்டர் சகோதரர்கள்

அண்ணன் தம்பி உறவையே முழுக்க முழுக்கக் கதையாக்கிய படைப்பு 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். எரிக் கிரிப்கி உருவாக்கிய இது 2005 செப்டம்பர் 13 அன்று தொடங்கி 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. 15 பருவங்கள், 327 பகுதிகள். டீனாக ஜென்சன் ஆக்கிள்ஸும் சாமாக ஜாரெட் பாடலெக்கியும் நடித்தனர். தொடர் நகரங்களைவிடச் சாலைகளிலும் சிற்றூர்களிலும் மிகுதியாக நடப்பதால் இதனை நகர்ப்புறக் கனவுருப்புனைவின் சாலைப் பயண வடிவம் எனலாம். 1967ஆம் ஆண்டுச் செவ்ரோலே இம்பாலா கார்தான் அவர்களுடைய வீடு.

கதை 1983இல் கேன்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் தொடங்குகிறது. பிசாசு ஒன்று தாய் மேரியைக் கொல்கிறது. தீப்பிடித்த வீட்டிலிருந்து கைக்குழந்தையான சாமைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும்படி நான்கு வயது டீனிடம் தந்தை சொல்கிறார். டீன் ஓடுகிறான். அவன் வாழ்வு முழுவதும் அந்த ஓட்டத்தின் தொடர்ச்சிதான். தந்தை பழிவாங்க அலைகிறார். விடுதி அறைகளில் தம்பிக்குச் சோறு போடுவதும் காவல் இருப்பதும் டீன் பொறுப்பாகிறது. தாயும் தந்தையுமாக ஆன அண்ணன், அந்த வாழ்விலிருந்து விலகிப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பும் தம்பி என்பதே இவர்களின் முதல் மோதல்.

இரண்டாம் பருவத்தில் தந்தை விட்டுச்சென்ற கடைசிச் சொல் வெளிப்படுகிறது. தம்பியைக் காப்பாற்று, காப்பாற்ற முடியாத நிலைக்கு அவன் மாறினால் நீயே கொன்றுவிடு என்பதே அதன் பொருள். டீனால் அதைச் செய்ய இயலாது. சாம் கொல்லப்படும்போது பிசாசுடன் ஒப்பந்தம் செய்து தன் ஆயுளை ஓராண்டாகக் குறைத்துக்கொண்டு அவனை உயிர்ப்பிக்கிறான். பிறகு இது தொடரின் வழக்கமே ஆகிவிடுகிறது. ஒருவன் இறப்பதும் மற்றவன் இயற்கை விதியை மீறி அவனை மீட்பதும் மாறி மாறி நிகழ்கின்றன.

கிரிப்கி முதலில் ஐந்து பருவங்களுக்கே கதையைத் திட்டமிட்டிருந்தார். 2010இல் ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தின் இறுதி அத்திட்டத்தின் நிறைவு. வானதூதர்களான மிக்கேலும் லூசிஃபரும் இங்கே சகோதரர்கள். உலகை அழிக்கும் போரில் மிக்கேலுக்கு டீனின் உடலும் லூசிஃபருக்குச் சாமின் உடலும் தேவை. மனிதச் சகோதரர்கள் அந்தப் பாத்திரங்களை ஏற்க மறுப்பதே கதையின் உச்சம். சாமின் உடலில் புகுந்த லூசிஃபர் டீனை அடித்து நொறுக்குகிறான். டீன் எதிர்த்து அடிப்பதில்லை, விலகிப் போவதும் இல்லை. சிறுவயதில் காரில் செருகி வைத்த பொம்மைப் படைவீரனைக் கண்டதும் சாமுக்கு நினைவுகள் திரும்புகின்றன. தன்னை மீட்டுக்கொண்டு லூசிஃபருடன் பாதாளச் சிறைக்குள் பாய்கிறான். இங்கே தம்பியை இழப்பதன் மூலமே உலகம் காக்கப்படுகிறது. அண்ணன் அதை ஏற்றுக்கொள்கிறான்.

பிற்காலப் பருவங்கள் இந்த முதிர்ச்சியிலிருந்து பின்வாங்கின என்று சொல்ல இடமுண்டு. எட்டாம் பருவத்தின் முடிவில் நரகத்தின் கதவுகளை நிரந்தரமாக மூடும் சடங்கைச் சாம் முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். முடித்தால் அவன் இறப்பான். டீன் அவனைத் தடுக்கிறான், கதவுகள் திறந்தே கிடக்கின்றன. அதன் பிறகு பிசாசுகளால் இறக்கும் ஒவ்வொருவரும் அந்த அன்பின் கணக்கில் சேர்கின்றனர். அன்பு எந்த இடத்தில் சுயநலமாகிறது என்ற கேள்வியைத் தொடர் தானே எழுப்பி, பாத்திரங்களின் வாயாலேயே விவாதிக்கிறது. இறுதிப் பகுதியில் விடையும் தருகிறது. டீன் ஒரு சாதாரண வேட்டையில் இறக்கிறான். இம்முறை ஒப்பந்தம் இல்லை. சாம் அவனைப் போக விடுகிறான். பிறகு நெடுநாள் வாழ்ந்து, மகனுக்கு டீன் என்று பெயரிட்டு, முதுமையில் இறக்கிறான்.

காலும் நீகோவும்

ராப் தர்மன் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்க எழுத்தாளரின் 'நைட்லைஃப்' நாவல் 2006இல் வெளிவந்தது. நியூயார்க் நகரில் மறைந்து வாழும் கால், நீகோ லியாண்ட்ரோஸ் ஆகியோரின் கதை இது. தாய் ஒருத்தியே. நீகோ முழு மனிதன். காலின் தந்தையோ ஔஃபி என்ற கொடிய பழங்கால இனத்தைச் சேர்ந்தவன். அந்த இனம் காலைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்தத் துரத்துகிறது.

பெற்ற தாய்க்குப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லை. சில வயதே மூத்த நீகோ தம்பியை வளர்க்கிறான், வாட்பயிற்சி கற்கிறான், ஊர் ஊராகத் தப்பியோடும் வாழ்வை ஏற்கிறான். கதையைச் சொல்பவன் கால். எனவே பாதுகாக்கப்படுபவனின் மனநிலையை இதில் நேரடியாகக் காண முடிகிறது. தான் அரக்கனோ என்ற அச்சம், அண்ணனின் வாழ்வைத் தான் தின்றுவிட்டோமே என்ற குற்ற உணர்வு, அதை மறைக்கும் கிண்டல் பேச்சு ஆகியவை அவன் குரலில் கலந்திருக்கின்றன. காப்பவனின் தியாகத்தைப் போற்றும் கதைகள் பல உண்டு. காக்கப்படுபவன் சுமக்கும் கடனைப் பேசுவது இந்நாவல்களின் தனித்தன்மை.

ஒருவனே இருவர்: அனான்சி பாய்ஸ்

எல்லாச் சகோதரக் கதைகளும் இருண்டவை அல்ல. நீல் கெய்மனின் 'அனான்சி பாய்ஸ்' (2005) நகைச்சுவை நாவல். லண்டனில் கணக்கு வேலை பார்க்கும் கூச்ச சுபாவம் கொண்ட சார்லிக்குத் தந்தை இறந்த பிறகுதான் அவர் மேற்கு ஆப்பிரிக்க நாட்டார் கதைகளின் சிலந்திக் கடவுளான அனான்சி என்பதும், தனக்கு ஸ்பைடர் என்றொரு சகோதரன் உண்டு என்பதும் தெரிகின்றன. அழைத்தவுடன் வரும் ஸ்பைடர் சார்லியின் வீடு, வேலை, காதலி என எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்கிறான். அவனை விரட்ட ஆபத்தான சக்திகளுடன் சார்லி உடன்படிக்கை செய்கிறான். அது இருவரையும் சேர்த்தே அழிக்க வருகிறது.

சிறுவயதில் ஒரு மூதாட்டியின் மந்திரத்தால் சார்லியிடமிருந்து பிரிக்கப்பட்ட பாதியே ஸ்பைடர் என்று பின்னர் தெரிகிறது. துணிவும் குறும்பும் ஒருவனிடம், பொறுப்பும் மனச்சாட்சியும் மற்றவனிடம் தங்கிவிட்டன. நாவலின் முடிவில் ஒவ்வொருவனும் மற்றவனிடம் உள்ளதைத் தன்னிடமே கண்டடைகிறான். கரீபியன் பகுதிக்குப் புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்களுடன் சென்ற அனான்சி கதைகளை இன்றைய லண்டன் வரை நீட்டியதும் இந்நாவலின் சிறப்பாகும்.

உறுதிமொழிச் சகோதரர்கள்

கசாண்ட்ரா கிளேர் 2007இல் 'சிட்டி ஆஃப் போன்ஸ்' நாவலில் தொடங்கிய கதையுலகில் பராபதாய் என்ற வழக்கம் உள்ளது. பிசாசுகளை எதிர்க்கும் வேட்டையர்கள் இருவர், பதினெட்டு வயதுக்கு முன் சடங்கு செய்து போர்த்துணைவர் ஆகின்றனர். ஒருவர் உடலில் மற்றவர் குறி பொறிக்கப்படுகிறது. ஒருவர் இறந்தால் மற்றவர் உடலில் அக்குறி மங்கிவிடும். தேரோட்டிக்கு அருகில் நின்று போரிடும் வீரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. உறுதிமொழிச் சொற்கள் விவிலியத்தின் ரூத்து நூலைத் தழுவியவை. அங்கே அவை மருமகள் மாமியாருக்குச் சொன்ன சொற்கள் என்பது சுவையான செய்தி.

1878ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் 'கிளாக்வொர்க்' வரிசை (2010 முதல் 2013 வரை) இவ்வுறவை ஆழமாகக் காட்டுகிறது. வில் ஹெராண்டேல், ஜெம் கார்ஸ்டெய்ர்ஸ் ஆகிய இருவரும் டெஸ்ஸா என்ற ஒரே பெண்ணை விரும்புகின்றனர். 'வேம்பயர் டைரீஸ்' கதையில் ரத்த உறவினரை வாளெடுக்கச் செய்த அதே சூழல்தான். ஆனால் இங்கே நிகழ்வது வேறு. நோயால் நாள்கள் எண்ணப்பட்ட ஜெம்மின் மகிழ்ச்சிக்காக வில் தன் காதலை மறைக்கிறான். உண்மை தெரிந்தபோது ஜெம் வில்லுக்காக வருந்துகிறான். உடன்பிறப்பு என்பது பிறப்பால் அமைவதைவிட நாளும் காக்கப்படும் வாக்கால் அமைவது என்பதே இந்நாவல்களின் நிலைப்பாடு.

ஒரு தாய், இரு தந்தையர்

மேற்கண்ட கதைகளை ஒப்பிட்டால் ஒரு பொது அமைப்பு புலப்படும். ஹாரியும் தாமஸும், காலும் நீகோவும் தாய் வழியில் ஒன்றுபட்டவர்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரைக் களமாகக் கொண்டு 2013 முதல் 2018 வரை ஒளிபரப்பான 'தி ஒரிஜினல்ஸ்' தொடரின் கிளாஸ், எலைஜா மைக்கேல்சன் ஆகியோரும் அப்படியே. கிளாஸின் தந்தை மட்டும் ஓநாய் மனிதன். மூன்று கதைகளிலும் அரக்கத்தன்மை தந்தை வழியில் வருகிறது. தாய் வழியில் வருவது சகோதர உறவு.

இந்த அமைப்பு கதாசிரியர்களுக்கு மிகவும் பயன்படுகிறது. சகோதரன் பாதி நம்மவன், பாதி அந்நியன். அவனை அரக்கன் என்று ஒதுக்கினால் தன் தாயையும் ஒதுக்க வேண்டும். முழுவதும் நம்மவன் என்று ஏற்றால் அவன் செய்யும் கேடுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கசுவே காடோவின் 'புளூ எக்சார்சிஸ்ட்' என்ற ஜப்பானிய மாங்கா (2009) இதையே இரட்டையரிடம் வைத்துக் காட்டுகிறது. சாத்தானின் நீலத் தீ இரட்டையருள் ரின்னிடம் மட்டும் இறங்குகிறது. யுகியோ பேயோட்டியாகி அவனுக்கே ஆசிரியனாக நிற்கிறான். காவலனாகவும் கண்காணிப்பவனாகவும் ஒருவனே இருப்பதன் இறுக்கம் அக்கதையின் உயிர்.

ஏன் நகரம், ஏன் சகோதரன்?

நகரத்தில் அடுத்த வீட்டுக்காரரைத் தெரியாமலே பல ஆண்டுகள் வாழலாம். மாயம் ஒளிந்திருக்க இந்த அறியாமை உதவுகிறது. அதே அறியாமை நாயகனைத் தனியனாக்குகிறது. தான் கண்டதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரே மனிதன், அதே வீட்டில் அதே கொடுமையைக் கண்டு வளர்ந்த சகோதரன்.

பெற்றோர் இல்லாமையும் இக்கதைகளின் பொதுக்கூறு. தாய் இறந்திருப்பாள், தந்தை அலைந்துகொண்டிருப்பார் அல்லது கொடியவராக இருப்பார். எனவே மூத்த பிள்ளை குழந்தைப் பருவத்தை இழந்து பெற்றோர் இடத்துக்கு வருகிறான். பிசாசையும் காட்டேரியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், குடிநோயோ மரணமோ வறுமையோ தாக்கிய வீடுகளில் தம்பி தங்கையரை வளர்க்கும் பிள்ளைகளின் கதையே எஞ்சுகிறது. அத்தகைய பிள்ளைகள் எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். டீனும் நீகோவும் இளம் வாசகர் பலரின் மனத்தில் இடம்பெற இது முக்கியமான காரணம்.

விமர்சனங்கள்

இக்கதைகளின்மேல் வைக்கப்படும் முதன்மையான குறை பெண் பாத்திரங்களைப் பற்றியது. 'சூப்பர்நேச்சுரல்' முதல் பகுதியிலேயே தாயும் காதலியும் ஒரே விதமாகக் கொல்லப்படுகின்றனர். லங்க்மார் கதையிலும் காதலியரின் மரணமே ஆண்களை இணைக்கிறது. சகோதரர்களின் பயணத்தைத் தொடங்கிவைக்கப் பெண்களின் இறப்பு கருவியாவது நியாயமான கண்டனத்துக்கு உரியது. சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழும் மூன்று சூனியக்காரச் சகோதரிகளின் கதையான 'சார்ம்ட்' தொடர் (1998 முதல் 2006 வரை) இதற்கு மாற்றான முன்மாதிரி. உடன்பிறப்புப் பிணைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதை அது காட்டியது.

இரண்டாவது குறை, பிணைப்பே சிறையாவது. இறந்த சகோதரனை விடாமல் மீட்பதும், அவன் விருப்பத்தைக் கேட்காமல் முடிவெடுப்பதும் அன்பாகவே காட்டப்படும் இடங்கள் உண்டு. மைக்கேல்சன் குடும்பத்தில் கிளாஸ் தன் உடன்பிறந்தவர்களை மாயக் கத்தியால் மயக்கிச் சவப்பெட்டிகளில் அடைத்து, போகுமிடமெல்லாம் கொண்டுபோகிறான். குடும்பம் சிதறக் கூடாது என்பது அவன் சொல்லும் காரணம்.

மூன்றாவது, வட்டத்துக்கு வெளியே நிற்கும் சகோதரன். வின்செஸ்டர் சகோதரர்களுக்கு ஆடம் என்ற மூன்றாமவன் உண்டு. தந்தை ஒருவர், தாய் வேறு. ஐந்தாம் பருவ இறுதியில் அவனும் பாதாளச் சிறையில் விழுகிறான். சாமை மீட்கப் போராடும் கதை, ஆடமைப் பத்தாண்டுகளுக்கு அங்கேயே விட்டுவிடுகிறது. ஒன்றாக வளராதவனுக்கு ரத்தம் மட்டும் போதவில்லை என்பதைத் தொடர் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

முடிவுரை

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் பழமொழி. நகர்ப்புறக் கனவுருப்புனைவு இதை ஏற்றுக்கொண்டு, அதன் மறுபக்கத்தையும் காட்டுகிறது. தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சமாட்டான். தம்பியைப் பணயமாக வைப்பவனுக்கு அஞ்சுவான். தாமஸைக் கடத்தியவன் அறிந்ததும், வின்செஸ்டர்களிடம் பேரம் பேசிய பிசாசுகள் அறிந்ததும் இதுவே.

1987இல் 'தி லாஸ்ட் பாய்ஸ்' படத்தில் சகோதரனை மீட்பது எளிய வெற்றியாக இருந்தது. தலைவனைக் கொன்றால் போதும், அண்ணன் வீடு திரும்பிவிடுவான். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த வெற்றியின் விலையை எழுத்தாளர்கள் கணக்கிடத் தொடங்கினர். மீட்பதைப் போலவே போக விடுவதும் அன்பு என்ற இடத்துக்குச் 'சூப்பர்நேச்சுரல்' 2020இல் வந்து சேர்ந்தது. புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் 'பிளட் ரைட்ஸ்', 'டர்ன் கோட்' நாவல்களையும் 'சூப்பர்நேச்சுரல்' முதல் ஐந்து பருவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் யார் காப்பாற்றப்பட்டார், அதற்கு யார் விலை கொடுத்தார் என்று குறித்துக்கொண்டு படித்தால் இக்கதைவகையின் அறச்சிக்கல் தெளிவாக விளங்கும்.